எந்த நாடாவால் அளப்பது?

அண்மையில் நூலகம் ஒன்றில், பாரிசு மாநகரின் ஆடைக்கலை வரலாற்றைச் சொல்லும் படநூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு முழுப் பக்கத்தில், கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் புகழ்பெற்று விளங்கிய பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் வரைந்த கோட்டுப்படம் ஒன்று இருந்தது. விரைந்து இழுத்த சில கோடுகள், அவ்வளவே. சிறுத்த இடை, அதிலிருந்து அருவிபோல் இறங்கி அலையலையாய் விரியும் நீண்ட பாவாடை. பெண்ணுக்கு முகம் உண்டு. முகத்தில் கண் இல்லை. கை உண்டு, கையில் விரல் இல்லை. எனினும் அந்தத் துணி காற்றில் அசைவது போலவே தோன்றிற்று. வரைந்தவர் தேர்ந்த கலைஞர் என்பதில் ஐயமில்லை.

அருகில் நின்ற பெரியவர் ஒருவர், நம் பங்கு மக்களுள் மதிப்புக்குரியவர், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாருங்க சாமி, அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்ககூட எவ்வளவு அடக்கமா உடுத்தியிருக்காங்க! இதை வச்சே ஒரு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணலாமே.”

பண்ணலாம் என்றே நமக்கும் தோன்றியது. ஆனால் அது அவர் எதிர்பார்க்கும் பிரசங்கமாக இராது. ஆடையைக் குறித்துத் திருச்சபையின் மேடைகளில் நெடுங்காலமாக நாம் பேசிவந்திருப்பது பிழையான அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டே என்பது நம் எண்ணம். அதனை ஒளிக்காமல் எழுதத் துணிந்தோம். சினம் கொள்வோர் இறுதிவரை படித்துவிட்டுச் சினம் கொள்வார்களாக.

ஒரு புதனும் மறு புதனும்

டியோர் 1905இல் கிரான்வில் என்னும் பிரெஞ்சுக் கடலோர ஊரில் பிறந்தவர். தந்தை உரத் தொழிற்சாலை நடத்திய செல்வர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் குடும்பம் நொடித்துப்போயிற்று. ஆடைப்படங்கள் வரைந்து விற்று மகன் பிழைத்த காலமும் உண்டு. 1946இல், ‘பருத்தி மன்னர்’ எனப் பெயர்பெற்ற நெசவாலை முதலாளி மார்செல் புசாக் பணம் போட, பாரிசின் மோந்தேஞ் சாலை 30ஆம் எண் மாளிகையில் டியோரின் பெயரால் ஆடை நிறுவனம் எழுந்தது. 1947 பிப்ரவரி 12, புதன்கிழமை, முதல் தொகுப்பு அரங்கேறியது. மலரின் இதழ்வட்டத்தைக் குறிக்கும் ‘கொரோல்’ என்னும் பெயரை அதற்கு அவர் சூட்டியிருந்தார். அமெரிக்க இதழாசிரியை கார்மெல் ஸ்னோ அதனை ‘நியூ லுக்’ என்று வியந்தார். அப்பெயரே உலகில் நிலைத்தது.

புதுமை யாது? போர்க்காலத்தில் துணிப்பஞ்சத்தால் பெண்களின் பாவாடை முழங்கால் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மேற்சட்டையின் தோள் போர்வீரர் உடைபோல் சதுரமாக இருந்தது. டியோர் தோளை வளைத்தார், இடையை இறுக்கினார், பாவாடையைக் கெண்டைக்காலுக்குக் கீழே இறக்கி, எண்ணற்ற மடிப்புகளால் விரித்தார். ஒரே பாவாடைக்குப் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட துணியை விழுங்கிய ஆடைகளும் அவருடைய தொகுப்பில் இருந்தன. மேல்துணி நிமிர்ந்து நிற்பதற்காக உள்ளே வேறு துணியை உள்வரியாக இட்டுத் தைத்தனர்.

அப்போது பிரான்சு இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட நிறைவுறவில்லை. அந்தக் குளிர்காலம் கொடியது. அடுப்புக்கு நிலக்கரி இல்லை. ரொட்டி பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் என்று அதுவும் குறைந்துவிட்டது. அண்டை நாடான பிரித்தானியாவில் துணிக்கும் பங்கீடு இருந்தது. 1949 மார்ச்சில்தான் அது நீங்கியது.

நாள்காட்டியைப் புரட்டினால் இன்னொன்றும் தெரிகிறது. 1947இல் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 6 அன்று வந்தது. ஆகவே சாம்பல் புதன் பிப்ரவரி 19. டியோரின் அரங்கேற்றத்துக்கு மறு புதன். முதற்புதனில் பாரிசின் செல்வர்கள் பட்டு மடிப்புகளின் சலசலப்பைக் கேட்டு மகிழ்ந்தனர். மறு புதனில் திருச்சபை மக்களின் நெற்றியில் சாம்பல் பூசி, அவர்கள் மண்ணாயிருப்பதை நினைவூட்டிற்று. அந்தத் தவக்காலத்தில்தான் பாரிசுப் பேராயர் கர்தினால் சுகார், திருச்சபை வளர்கிறதா தேய்கிறதா என்னும் வினாவை எழுப்பி, தம் புகழ்பெற்ற மேய்ப்புப்பணி மடலை வெளியிட்டார். உழைக்கும் மக்களுக்கும் திருச்சபைக்கும் இடையே மதில் ஒன்று எழுந்துவிட்டதென நெஞ்சு நொந்தவர் அவர். அந்த மதிலின் ஒரு கல், நாம் ஆடையைப் பற்றிப் பேசிய பேச்சு.

முழுமதிப்பெண் பெற்ற ஆடை

டியோரின் ஆடையை நம் வழக்கமான நாடாவால் அளந்து பார்ப்போம். முழங்கால் மறைகிறதா? மறைகிறது, அதற்குக் கீழும் மறைகிறது. கை மூடியிருக்கிறதா? பகல் ஆடைகளில் மூடியே இருக்கிறது. மாலை விருந்துக்கான சில ஆடைகளின் கழுத்து தாழ்ந்திருந்தது என்று குறை கூறுவோர் இருக்கலாம். எனினும் நீளத்தைப் பொறுத்தவரை, போர்க்காலத்து ஏழைப் பெண்ணின் குட்டைப் பாவாடை நம் தேர்வில் தோற்றது. செல்வச் சீமாட்டியின் பத்து மீட்டர்ப் பாவாடை முழுமதிப்பெண் பெற்றது. நூலகத்தில் நின்ற பெரியவர் அளித்த தீர்ப்பும் இதுவே. துணியில்லாதவள் அடக்கமற்றவள், துணியை வாரி இறைத்தவள் அடக்கமானவள்! இப்படியொரு தீர்ப்பைத் தரும் நாடாவை இன்னும் நாம் கையில் வைத்திருக்கலாமா?

1930 சனவரி 12 அன்று உரோமைத் திருப்பேராயம் ஒன்று பெண்களின் ஆடை ஒழுக்கம் பற்றிய விதிகளை வெளியிட்டது. அடக்கமின்றி உடுத்தி வருவோர்க்கு நற்கருணை மறுக்கப்படலாம் என்பதும் அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டே, 1931 மே 15 அன்று, திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ‘குவாத்ரஜேசிமோ ஆன்னோ’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். உழைப்பவன் தானும் தன் குடும்பமும் வாழப் போதுமான கூலி பெற வேண்டும் என்பது அதன் போதனை. இரண்டும் ஒரே திருத்தந்தையின் காலத்தில் எழுந்த ஏடுகள்; பின்னது சுற்றுமடல் என்பதால் எடையும் மிகுந்தது. இவற்றுள் எது கோயில் வாசல்வரை வந்து சேர்ந்தது? பெண்கள் எப்படி உடுத்தி வரவேண்டும் என்று அறிவிப்புப் பலகை மாட்டிய கோயில்கள் பல. ‘தைத்தவளுக்குக் கூலி குறைத்தவர் நற்கருணை வாங்க வரவேண்டாம்’ என்று பலகை மாட்டிய கோயில் ஒன்றேனும் உண்டா? நாம் கண்டதில்லை. நம் கோயிலிலும் நாம் மாட்டியதில்லை.

அந்த ஆடையின் உண்மையான குறையைக் கண்டவர்கள் வேறு சிலர். 1947இல் பாரிசின் மோன்மார்த்தர் பகுதியிலுள்ள லெப்பிக் தெருச் சந்தைக்கு, டியோரின் ஆடைகளை அணிந்த மாடல் பெண்களைப் படமெடுக்க அழைத்துச் சென்றனர். அங்கே காய்கறிக்கும் ரொட்டிக்கும் அலைந்துகொண்டிருந்த பெண்கள் கூச்சலிட்டு அவர்கள்மேல் பாய்ந்தனர். ஆடையைப் பற்றி இழுத்துக் கிழித்தனர். அந்நிகழ்ச்சியின் நிழற்படங்கள் இன்றும் உள்ளன. ஒரு பெண்ணின்மேல் கைவைத்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. அந்த மாடல் பெண்ணும் கூலிக்கு நின்றவளே. ஆனால் சந்தைப் பெண்களின் கண்ணுக்குப் பட்டது எது? உடலில் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதை அவர்கள் பார்க்கவில்லை. ஒருத்தியின் இடுப்பில் எத்தனை பேரின் துணி சுற்றியிருக்கிறது என்பதைப் பார்த்தார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்று யோர்தான் கரையில் முழங்கிய திருமுழுக்கு யோவானின் அளவுநாடா அதுவே. மறையுரை கேட்டுப் பழகாத சந்தைப் பெண்களிடம் அது இருந்தது. நம்மிடம் இல்லை.

இது யூதாசின் குரலா?

அழகைக் கண்டு பொறாது, ஏழைகளின் பெயரைச் சொல்லி அதனைப் பழிப்பது யூதாசின் வேலையல்லவா என்று வாசகர் கேட்கலாம். பெத்தானியாவில் மரியா நறுமணத் தைலத்தைக் கொண்டு ஆண்டவரின் காலடிகளைப் பூசியபோது, அதனை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முணுமுணுத்தவன் அவனே. ஆண்டவர் மரியாவின் பக்கமே நின்றார். இக்கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்க முடியாதது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: அழகு பாவமன்று. ஆதாமும் ஏவாளும் அத்தி இலைகளைத் தைத்துச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தோலாடை செய்து உடுத்தியவர் ஆண்டவராகிய கடவுள். ஏதேனில் முதல் தையற்காரர் அவரே என்றால் மிகையாகாது. ஆரோனின் திருவுடை மாண்பும் அழகும் உடையதாக இருக்க வேண்டுமென்று கட்டளை பிறந்தது. வயல்வெளி மலர்களைச் சாலமோனின் உடைக்கு மேலாக வைத்துப் பேசியவர் நம் ஆண்டவர். அழகை வெறுப்பவர் அப்படிப் பேசமாட்டார். 1957 அக்டோபர் 24 அன்று டியோர் இத்தாலியில் காலமானார். அதன்பின் இரு வாரங்களே கழிந்த நிலையில், நவம்பர் 8 அன்று, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் உயர் ஆடைக்கலைஞர்களின் ஒன்றியம் ஒன்றுக்கு உரையாற்றினார். ஆடைக்கு உடல்நலம், நாணம், அழகு என மூன்று நோக்கங்கள் உண்டென்று அவர் எடுத்துரைத்தார். அழகைத் திருச்சபை விலக்கவில்லை என்பதற்கு அந்த உரையே சான்று.

டியோரின் நெஞ்சையும் நாம் பழிக்கவில்லை. அவருடைய தங்கை கத்தரீன் நாசிகளை எதிர்த்த விடுதலை இயக்கத்தில் பணியாற்றியவர். 1944இல் பிடிபட்டு, வதைபட்டு, ராவென்ஸ்புருக் முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945இல் நலிந்த உடலோடு திரும்பி வந்து, மலர் வணிகம் செய்து வாழ்ந்தார். அந்தத் தங்கையைக் கண்ட அண்ணன், போரின் சாம்பல் நிறத்தை மறந்து பெண்களை மலர்களாகக் காண விழைந்தது இயல்பே. அந்தக் கோடுகளில் ஓடும் ஏக்கம் பொய்யானதன்று.

ஆயினும் பெத்தானியாவையும் லெப்பிக் தெருவையும் ஒன்றாக்க இயலாது. யூதாசு அங்கே இல்லாத ஏழைகளின் பெயரால் பேசினான். பணப்பையோ அவன் கையில் இருந்தது. லெப்பிக் தெருவில் பேசியவர்கள் ஏழைகளே. அவர்கள் கையில் காலிக்கூடை இருந்தது. மரியா தன்னிடம் இருந்ததைப் பிறருக்காக ஊற்றினார். வீடு முழுவதும் மணம் பரவியது. மோந்தேஞ் சாலையின் பத்து மீட்டரோ ஒருத்தியைச் சுற்றி நின்றுவிட்டது. பிறரை நோக்கி விரியும் அழகு வேறு. பிறரை விலக்கித் தன்னைச் சுற்றும் அழகு வேறு. பகட்டான உடையோடு நாள்தோறும் விருந்துண்ட செல்வரின் உவமையில் ஆண்டவர் மெல்லிய செந்நிற ஆடையைப் பழித்தாரா? ஆடையைக் குறிப்பிட்டார், உடனே வாயிலில் கிடந்த இலாசரைக் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே நமக்குக் கற்றுக்கொடுத்தார்.

வேலை கொடுத்ததே என்பார்க்கு

மற்றோர் எதிர்ப்பும் உண்டு. செல்வர் ஆடை வாங்கினால்தான் நெசவாலை ஓடும். தையற்காரிக்குக் கூலி கிடைக்கும். போரில் நொறுங்கிய பிரான்சு அந்தப் பாவாடை மடிப்புகளால்தானே அயல்நாட்டுப் பணம் ஈட்டியது என்பர். இதில் உண்மை இருக்கிறது. ஏறத்தாழ 85 பேரோடு தொடங்கிய நிறுவனம் சில ஆண்டுகளில் பன்மடங்கு பெருகியது. புசாக்கின் ஆலைகளுக்கும் துணி அதிகம் விற்றால் நன்மையே. பத்து மீட்டர்ப் பாவாடையால் முதலில் மகிழக்கூடியவர் துணி முதலாளி என்பதையும் இங்கே நினைவில் வைப்போம்.

ஆனால் வேலை கொடுத்தது என்பதோடு கணக்கு முடிந்துவிடுமா? பாரவோனும் வேலை கொடுத்தான். எவ்வளவு கூலிக்கு, எத்தனை மணி நேரத்துக்கு, என்ன மதிப்போடு என்பதன்றோ திருச்சபையின் கேள்வி? பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதிய யாக்கோபு, அக்கூலிக்காரர்க்கு வேலை இல்லை என்று எழுதவில்லை. வேலை செய்து முடித்தவர்களின் கூக்குரலையே எழுதினார். 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தொடங்கி, 1981இல் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடலில் இரண்டாம் யோவான் பவுல் வரை, திருத்தந்தையர் இடையறாது கற்பித்தது இதுவே: முதலைவிட உழைப்பு மேலானது, உழைப்பின் மாண்பு செய்யப்படும் பொருளிலிருந்து வருவதன்று, செய்பவர் மனிதர் என்பதிலிருந்து வருவது.

பாரிசின் தையற்பெண்கள் இதனை இறையியல் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தார்கள். 1917 மே மாதத்தில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் அணிவகுத்தனர். சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு வேண்டும் என்பது அவர்களின் முதன்மையான கோரிக்கை. சூன் 11 அன்று அதற்குச் சட்டம் பிறந்தது. செல்வர் ஆடை வாங்கியதால் தாமாக வந்த ஓய்வன்று அது. கேட்டுப் பெற்ற ஓய்வு. ஞாயிறு ஓய்வு கடவுளின் கட்டளை என்று முழங்கும் நம் மேடைகள், அந்த ஓய்வுக்காகத் தெருவில் நின்ற பெண்களை எத்தனை முறை நினைத்திருக்கின்றன?

விரலில்லாத கை

நாம் பார்த்த கோட்டுப்படத்துக்குத் திரும்புவோம். டியோர் படுக்கையிலும் குளியல் தொட்டியிலும்கூடச் சிறு தாள்களில் வரைந்துகொண்டே இருப்பாராம். ஒரு பருவத்துக்கு நூற்றுக்கணக்கான படங்கள் பிறக்கும். அவற்றுள் தேர்ந்தவை தையற்கூடத் தலைவியரிடம் போய்ச் சேரும். கோட்டும் மேற்சட்டையும் தைக்கும் கூடம் வேறு. நாம் பார்த்ததுபோன்ற தளர்ந்து வழியும் ஆடைகளைத் தைக்கும் கூடம் வேறு. பின்னதை ‘ஃப்ளூ’ என்பர். அங்கே முதலில் மலிவான வெண்பருத்தித் துணியில் மாதிரி ஒன்றைச் செய்து, உருவப் பொம்மைமேல் ஊசிகுத்தி, அவிழ்த்து, மீண்டும் குத்திச் சரிபார்ப்பார்கள். படத்தில் ஒரு நொடியில் இழுத்த வளைவு துணியில் வளைய மறுக்கும். துணியின் எடையையும் இழையின் போக்கையும் அறிந்த பெண் ஒருத்தி அதனை வளையச் செய்வாள். பின்னர்தான் உண்மைத் துணியில் கத்தரி படும். அந்தக் கூடங்களின் கடைநிலைத் தையற்பெண்களுக்குப் பிரெஞ்சு மொழி இட்ட பெயர் ‘பெத்தித் மேன்’. ‘சின்னக் கைகள்’ என்று பொருள். பெயரிலேயே ஆள் மறைந்து கை மட்டும் எஞ்சிவிட்டது!

டியோர் தம் நினைவுக்குறிப்புகளில் மார்கரீத் காரே போன்ற தையற்கூடத் தலைவியரைப் பெயர்சொல்லிப் பாராட்டியவர் என்பதை மறைக்கமாட்டோம். ஆண்டுதோறும் நவம்பர் 25, புனித கத்தரீன் திருநாளில், இருபத்தைந்து வயது நிரம்பியும் மணமாகாத தையற்பெண்கள் மஞ்சளும் பச்சையுமான தொப்பி அணிந்து கொண்டாடும் வழக்கம் பாரிசின் தையற்கூடங்களில் இருந்தது. தையற்பெண்களின் பாதுகாவலி அப்புனிதை. ஆண்டில் ஒருநாள் அவர்களுக்குத் தொப்பி; மற்ற நாள்களில் குனிந்த தலை.

2017இல் பாரிசின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த டியோர் கண்காட்சியை ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். 2022இல் அதே மோந்தேஞ் சாலையில் நிலையான காட்சிக்கூடமே திறக்கப்பட்டது. கோட்டுப்படங்கள் கண்ணாடிப் பேழைக்குள் பாதுகாக்கப்படுகின்றன. கலைக்கு அந்த மதிப்புத் தகும். எனினும் ஒரு கேள்வி நெஞ்சில் நெருடுகிறது. படத்துக்குக் கையொப்பம் உண்டு; தையலுக்கு உண்டா? விரலில்லாமல் வரையப்பட்ட அந்தக் கையைக் கண்டபோது, ஆடையை உண்மையாக்கிய ஆயிரம் விரல்கள் அங்கிருந்துதான் அழிக்கப்பட்டனவோ என்று தோன்றியது.

1954இன் மலர்

1954 வசந்தகாலத் தொகுப்புக்கு டியோர் ‘முகே’ என்று பெயரிட்டார். மணிபோல் தொங்கும் சிறு வெண்மலர் அது; அவருக்கு உகந்த மலர். அதன் காம்பு ஒன்றை ஆடையின் ஓர மடிப்புக்குள் வைத்துத் தைப்பது அவர் வழக்கம். அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று, அதே பாரிசில், வானொலியில் ஒரு வேண்டுகோள் ஒலித்தது: செபாஸ்தோபோல் சாலையில் ஒரு பெண் குளிரில் உறைந்து இறந்துவிட்டாள், அவள் கையில் இருந்தது வீட்டைவிட்டு வெளியேற்றிய ஆணைத்தாள். போர்வைகள் தாருங்கள் என்ற அந்த வேண்டுகோளுக்கு நகரமே எழுந்து வந்தது.

அந்த வேண்டுகோளை விடுத்தவர் ‘அப்பே பியேர்’ என அறியப்பட்ட குரு. பெண்கள் பலரிடம் அவர் தகாத முறையில் நடந்துகொண்டார் என்னும் குற்றச்சாட்டுகள் 2024இல் வெளிவந்து திருச்சபையைத் தலைகுனியச் செய்தன. ஆகவே அவரைப் போற்ற இந்நிகழ்ச்சியை எழுதவில்லை. இறந்த பெண்ணை நினைத்தே எழுதுகிறோம். கூடவே ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறோம்: பெண்களின் பாவாடையை அங்குலம் அங்குலமாக அளந்த குருக்களாகிய நாம், நம்மவர் கைகள் போன இடத்தை அளக்கத் தவறினோம். ஒழுக்கத்தின் சுமை முழுவதையும் பெண்ணின் ஆடைமேல் ஏற்றியதால் விளைந்த கேடுகளுள் இதுவும் ஒன்று.

இன்றைய தையற்கூடம்

இவை பழங்கதையாக முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டோம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் ‘ராணா பிளாசா’ என்னும் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அயல்நாட்டு நிறுவனங்களுக்கு ஆடை தைத்த தொழிலாளர். அவர்களுள் பெண்களே மிகுதி. மே முதல் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளில், திருத்தந்தை பிரான்சிசு அவர்கள் பெற்ற கூலி திங்களுக்கு 38 யூரோ என்பதைச் சுட்டி, இதனை அடிமை உழைப்பு என்றே கண்டித்தார். விலையுயர்ந்த பெயர்களும் விலக்கல்ல. 2024 சூனில் மிலான் நீதிமன்றம், டியோர் நிறுவனத்துக்காக இத்தாலியில் கைப்பைகள் செய்விக்கும் கிளையை நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் நடந்த உழைப்புச் சுரண்டலைத் தடுக்கத் தவறியதே காரணம். 2025 பிப்ரவரியில் அக்கண்காணிப்பு விலக்கப்பட்டது. நிறுவனர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சின்னக் கைகளின் கேள்வி மட்டும் மறையவில்லை.

அருமை வாசகரே, ஆடை ஒழுக்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாணம் நற்பண்பு, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் ஒழுக்கம் என்னும் சொல்லை முழங்காலுக்குக் கீழே சிறைவைத்துவிட்டோம் என்கிறோம். இனி ஆடையைப் பற்றி மேடையேறும்போது முதலில் வேறு கேள்விகள் எழட்டும்: இதைத் தைத்தவர் யார்? அவருக்குப் போதிய கூலி கிடைத்ததா? நம் பெட்டியில் அடுக்கியிருப்பதில் உடுத்தாமல் கிடப்பது எத்தனை? இவற்றுக்குப் பிறகு நீளத்தை அளக்க நேரமிருந்தால் அளப்போம்.

பிறரை மட்டும் கேட்பது முறையன்று. பீடத்தில் நாம் அணியும் திருப்பலி உடையின் பின்னல் வேலையை எத்தனையோ முறை மெச்சியிருக்கிறோம். அதனைத் தைத்தவர் யார், என்ன கூலி பெற்றார் என்று ஒருமுறையும் விசாரித்ததில்லை. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகே அது நினைவுக்கு வந்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், விசாரிக்கவும் தொடங்கியிருக்கிறோம்.

திருத்தூதர் பணிகள் நூலில் யோப்பா நகரத்துச் சீடர் ஒருவர் வருகிறார். தபித்தா என்பது அவர் பெயர், கிரேக்கத்தில் தொற்கா. அவர் நோயுற்று இறந்தபோது பேதுரு வந்தார். மேல்மாடியில் கைம்பெண்கள் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து நின்று, தொற்கா தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டினார்கள். அந்த ஆடைகளின் நீளம் என்ன, நிறம் என்ன, அழகு எத்தகையது என்று விவிலியம் சொல்லவில்லை. தைத்தவரின் பெயரைச் சொல்கிறது. உடுத்தியவர்களின் கண்ணீரைச் சொல்கிறது. பேதுரு அந்த ஆடைகளை அளந்து பார்க்கவில்லை. முழந்தாள் படியிட்டு இறைவனிடம் வேண்டிவிட்டு, இறந்தவரைப் பெயர் சொல்லி அழைத்தார்.